தண்ணீர் ஆறிக் கிடந்த அன்று

1900-களின் தொடக்கம். வியன்னாவில் ராபர்ட் பாராணி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் காதில் நீர் பீச்சிக் கழுவும்போது பலருக்குத் தலை சுற்றியது. கண்மணிகள் வெட்டிவெட்டி அசைவதையும் அவர் பார்த்தார். ஒருவர் மட்டும் குறைபட்டுக்கொண்டார்: வீட்டில் வெதுவெதுப்பாக விட்டால் ஒன்றும் ஆவதில்லை, இங்கே தண்ணீர் ஆறிக் கிடக்கிறது என்று. சரி, நல்ல சூடாகவே கொடுங்கள் என்று செவிலியிடம் சொல்லிவைத்தார் பாராணி. அடுத்த முறை அதே மனிதர் கூச்சலிட்டார். இப்போது நீர் சுடுகிறதாம், மறுபடியும் தலை சுற்றுகிறதாம்! கண்களைக் கவனித்தால், அவை நேர் எதிர்த்திசையில் அசைந்துகொண்டிருந்தன.

உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம் சூடு பட்டாலும் குளிர் பட்டாலும் நகர்கிறது. உடம்பே சுழல்வதாக மூளை ஏமாந்துபோகிறது. உள்காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. காது கழுவும் நீர் உடல் சூட்டில், ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸில், இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், சூடும் குளிரும் செய்யும் இந்த ஏமாற்றுதான்.

பெரும்பாலும் காது கழுவுவது குறும்பி என்ற காது மெழுகை எடுக்கத்தான். அதை அழுக்கு என்று நினைப்பதில் வம்பு தொடங்குகிறது. காதுக் குழாயின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர், அதன் வெளிப்பகுதியில்தான் குறும்பி சுரக்கிறது. தூசியைப் பிடித்துவைக்கிறது, தோலில் ஈரம் ஊறாமல் காக்கிறது. செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கித் தோல் மெல்ல நகர்வதாலும், மெல்லும்போது தாடை அசைவதாலும் பெரும்பாலும் அது தானாக வெளியே வந்துவிடும். பட்ஸ் விடுகிறவர், நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதுபோல, அதை உள்ளே இடித்து அடைக்கிறார். ஊக்கும் ஹேர்பின்னும் செவிப்பறையையே கிழித்துவிடலாம். (இதைக் கேட்டபடியே காது குடையும் நேயர் யாரேனும் இருந்தால், குச்சியை மெதுவாக வெளியே எடுக்கலாம்.)

குறும்பியை இழுத்துவிடும் என்று நம்பிக் காதில் கூம்பு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் உண்டு. எரிந்து முடிந்ததும் அடியில் எடுத்துக் காட்டும் பழுப்புக் கசடு, அந்த மெழுகுவர்த்தியின் மிச்சமே.

காது அடைத்துக்கொண்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் வெளிச்சம் காட்டி உள்ளே பார்ப்பார். செவிப்பறையில் ஓட்டை, சீழ், முன்பு செய்த அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் நீர் கூடாது. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார். இரைச்சல் பெரிதாகக் கேட்கும். கல்லாக இறுகியிருந்தால் சில நாள் சொட்டு மருந்து விட்டு வரச் சொல்வார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குக் காதில் விழும் சிறு கீறலும் பெரிய தொற்றாகலாம்.

நீர் பீச்சுவதானால், செவிப்பறையில் நேரே அடிக்காமல் குழாயின் சுவரை நோக்கிப் பாய்ச்சுவார்கள். அப்போது தலை சுற்றினால், தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது அல்லது சுடுகிறது என்று தயங்காமல் சொல்லலாம். வியன்னாவில் அந்த மனிதர் சொன்னார்.