நிலம் யார் கையில்?
அயர்லாந்து மக்களின் சரித்திரம்

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயர்லாந்து மக்களின் சரித்திரத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். ஐயாயிரம் வருஷத்துக் கதை. ஒரு மாலைப் பொழுதில் சொல்லி முடியாது. ஆனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது. நிலம் யார் கையில் இருந்தது? அந்தக் கேள்விதான்.

அயர்லாந்து இங்கிலாந்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் தீவு. பரப்பில் தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். நியூகிரேஞ்ச் என்ற இடத்தில் அத்தீவின் ஆதி உழவர்கள் கி.மு. 3200 வாக்கில் எழுப்பிய கல்லறை மேடு இன்றும் நிற்கிறது. எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் அது மூத்தது. பிற்காலத்தில் கேலிக் மொழி பேசும் குலங்கள் தீவெங்கும் வாழ்ந்தன. ரோமாபுரி சாம்ராஜ்யம் அவர்களை ஆண்டதில்லை. குல நிலத்தை உறவினர் சம்மதம் இல்லாமல் ஒருவன் விற்றுவிட முடியாது என்பது அவர்களுடைய சட்டம். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் அடிமைகள் இருந்தார்கள், மந்தை மந்தையாய் மாடு வைத்திருந்த பிரபுக்களும் இருந்தார்கள்.

1169-ல் நார்மன் பிரபுக்கள் படையோடு வந்து இறங்கினர். இரண்டு வருஷத்தில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியே வந்துவிட்டான். ஆனால் நிலத்தை அடியோடு பறிக்கும் வேலை 16, 17-ம் நூற்றாண்டுகளில்தான் மும்முரமாயிற்று. 1609 முதல் வடக்கே அல்ஸ்டரில் நிலத்தைப் பிடுங்கி, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1649-ல் கிராம்வெல் வந்தான். தன் நாட்டில் மன்னன் தலையை வெட்டிய புரட்சிக்காரன், அயர்லாந்தில் ட்ரோகெடா நகரத்தையும் வெக்ஸ்ஃபோர்டையும் ரத்தத்தில் தோய்த்தான். கணக்கைப் பாருங்கள். 1641-ல் கத்தோலிக்கர் கையில் இருந்த நிலம் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு. 1703-ல் அது 14 பங்கு. ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பதை மறந்துவிடக் கூடாது. கத்தோலிக்கன் நிலம் வாங்கக் கூடாது, 5 பவுனுக்கு மேல் விலைபெறும் குதிரை வைத்திருக்கக் கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டார்கள்.

மதத்தின் பேரால் மக்களைப் பிரித்து வைத்த அந்த ஆட்சியை எதிர்த்து, இரு மதத்தாரையும் ஒன்றுசேர்க்க 1791-ல் பெல்ஃபாஸ்டில் 'ஐக்கிய ஐரிஷ்காரர்' சங்கம் கண்டார்கள். அதன் தலைவர்களில் ஒருவரான உல்ஃப் டோன் ஒரு புராட்டஸ்டண்ட். 1798-ல் எழுந்த அவர்கள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1801-ல் அயர்லாந்தின் பார்லிமெண்டும் போயிற்று.

இனி நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம். 1841-ல் தீவின் ஜனத்தொகை 82 லட்சம். குத்தகை விவசாயி தானியம் விளைத்தான். அது குத்தகைக்குப் போயிற்று. வயிற்றுக்கு உருளைக்கிழங்கு. துண்டு நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்க அதைவிட்டால் வேறு பயிர் இல்லை. 1845-ல் அந்தக் கிழங்கில் நோய் விழுந்தது. அடுத்த வருஷம் பயிர் முழுக்க அழுகிற்று. ஓட்ஸும் வெண்ணெயும் ஆடுமாடுகளும் ஏற்றிய கப்பல்கள் மட்டும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. வெளியிலிருந்து மக்காச்சோளம் வந்தது, மெய்தான். வாங்கக் கையில் காசு வேண்டாமா?

1847 கோடையில் சர்க்கார் கஞ்சித் தொட்டி திறந்தது. ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் வரையில் கஞ்சி குடித்தார்கள். அதாவது, ஊற்ற மனம் வைத்தால் ஊற்ற முடியும் என்று சர்க்காரே நிரூபித்தது! இலையுதிர் காலத்தில் தொட்டிகளை மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்றும் சட்டம் செய்தார்கள். கஞ்சி வேண்டுமா, நிலத்தை விடு. நிலம் வேண்டுமா, பட்டினி கிட. பிரபுக்கள் குடிசைகளின் கூரையைப் பிடுங்கினார்கள். சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள்.

இந்த நிவாரணத்தின் கஜானாச் சாவியை லண்டனில் வைத்திருந்த அதிகாரி சார்லஸ் டிரெவெலியன். பின்னால், 1859-ல், இதே மனிதர்தான் சென்னை மாகாண கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் அமைந்தது அவர் முயற்சியால். பூங்காவைப் பார்த்தவர்கள் பஞ்சத்தை அறிந்திருக்க மாட்டார்கள்.

மேயோ ஜில்லாவில் 1850-ல் குத்தகை பாக்கிக்காக ஒரு குடும்பம் வீட்டை விட்டு விரட்டப்பட்டது. இங்கிலாந்தில் லங்காஷயருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மகன் மைக்கேல் டேவிட் சிறு பிள்ளையாகவே பஞ்சாலைக்குப் போனான். 11 வயதில் அவனுடைய வலது கை இயந்திரத்தில் சிக்கிற்று, வெட்டி எடுத்தார்கள். மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஒற்றைக் கைக்காரர்தான் ஏழு வருஷம் சிறையிருந்து வந்து, 1879-ல் நிலச் சங்கத்தைத் தொடங்கினார்.

அடுத்த வருஷம் அதே மேயோவில் எர்ன் பிரபுவின் ஏஜெண்டு ஒருவர் குடிகளை வெளியேற்றப் பார்த்தார். அவர் பெயர் காப்டன் பாய்காட். யாரும் அவரை அடிக்கவில்லை. பண்ணையாள் வேலைக்குப் போகவில்லை; கடைக்காரன் சாமான் தரவில்லை; அறுவடை வயலில் நின்றது. வடக்கேயிருந்து 50 ஆட்களைக் கொண்டுவந்தார்கள், அவர்களுக்குக் காவல் சுமார் ஆயிரம் சிப்பாய்களும் போலீசும்! 500 பவுன் விளைச்சலை எடுக்க 10,000 பவுன் செலவு என்று கணக்குச் சொன்னார்கள். நவம்பர் கடைசியில் காப்டன் ஊரைவிட்டுப் போனார். 'பாய்காட்' என்று நாம் இன்று சொல்லும் சொல் அந்த மனிதரின் பெயர்தான்.

போராட்டம் பலித்தது. 1903-ன் சட்டப்படி தவணைப் பணம் கட்டிக் குத்தகைக்காரன் நிலச் சொந்தக்காரன் ஆனான். கூலியாளோ கூலியாளாகவே நின்றான். நிலம் தேசத்தின் பொதுச் சொத்தாக வேண்டும் என்று டேவிட் சொன்னதை அவருடைய கூட்டாளிகளே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பட்டணத்து நிலை என்ன? டப்ளினில் சுமார் 20,000 குடும்பங்கள் ஒற்றை அறையில் ஒண்டிக் கிடந்தன. 1913-ல் ஜிம் லார்க்கின் கட்டிய சங்கத்தை உடைக்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தார்கள். சுமார் 20,000 தொழிலாளிகள் மாதக்கணக்கில் பட்டினியோடு நின்றார்கள், தோற்றுத்தான் திரும்பினார்கள். போலீஸ் தடியைத் தடுக்க அவர்கள் திரட்டிய தொழிலாளர் படையை நடத்தி, 1916 ஏப்ரல் 24 எழுச்சியில் இறங்கினார் ஜேம்ஸ் கனாலி. காயம்பட்டு நிற்க முடியாத அவரை நாற்காலியில் வைத்து மே 12-ல் சுட்டார்கள்.

அதன் பிறகு விடுதலைப் போர். 1920-ல் பஞ்சாபில் ஜலந்தரில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள், தம் நாட்டில் நடக்கும் அடக்குமுறையைக் கேட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஜேம்ஸ் டாலி என்ற வாலிபரைச் சுட்டுக் கொன்றார்கள். 1921-ல் ஒப்பந்தம் வந்தது. அதற்குள் தீவு இரண்டு துண்டாகியிருந்தது.

சுதந்திரம் வந்ததும் கூலியாளின் கதை என்ன? 1923-ல் வாட்டர்ஃபோர்டில் விவசாயத் தொழிலாளிகள் கூலி வெட்டை எதிர்த்து மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நேற்றுக் குத்தகைக்காரனாயிருந்தவன் இன்று எதிர்த் தரப்பில் நின்றான். அவனுடைய விளைபொருளுக்குக் காவலாக வந்தது சுதந்திர அயர்லாந்தின் சொந்தப் படை.

வடக்கில் மத பேதத்தை வைத்தே ஆட்சி நடந்தது. 1932-ல் பெல்ஃபாஸ்டில் வேலையில்லாதோர் இரு மதத்தாரும் ஒன்றாக வீதிக்கு வந்து நிவாரணத் தொகையை உயர்த்த வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. 1960-களின் கடைசியில் மூண்ட மோதலில் 3,500-க்கு மேற்பட்டோர் மாண்ட பின்னர்தான், 1998-ல் சமாதான உடன்படிக்கை வந்தது. தெற்கு 1949-ல் குடியரசாயிற்று.

2022-ல் குடியரசின் ஜனத்தொகை 51 லட்சம். 2021-ல் வடக்கில் 19 லட்சம். இரண்டையும் கூட்டினால் 70 லட்சம். பஞ்சத்துக்கு முன், 1841-ல் இருந்த 82 லட்சத்தை அந்தத் தீவு அப்போதும் எட்டவில்லை.

தோழர்கள் கேள்வி கேட்கலாம். நேரம் இருக்கிறது.