பனிக்காலப் பறவைகளும் பழவேற்காட்டுப் பாடும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பறவைகளைப் பற்றிப் பேசுமாறு செயலர் பணித்தபோது சற்றுத் தயங்கினேன். நான் கவிஞன் அல்லன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இயந்திரங்களோடு பொழுதைக் கழிப்பவன். வார விடுமுறையில் ஒளிப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போகும் பழக்கம் இருபது ஆண்டுகளாக உண்டு. அவ்வளவே என் தகுதி. ஆகவே ஆராய்ச்சியுரையை என்னிடம் எதிர்பாராதீர்கள். நான் கண்டதையும், காணும் ஆசையால் செய்த ஒரு பிழையையும் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

குளிர்காலத்தில் பறவை பார்ப்பது என்றால் மேனாட்டார் பலருக்கு ஆல்ப்ஸ் மலை நினைவுக்கு வரும். அங்கே குளிர்காலம் பிரிவின் காலம். பெரும்பாலான பறவைகள் தெற்கே போய்விட, பனியைத் தாங்கும் சிலவே எஞ்சும். இறகெல்லாம் வெண்மையாகிப் பனியோடு பனியாக ஒளிந்து வாழும் கௌதாரி போன்ற பறவை ஒன்றைக் காண மக்கள் மணிக்கணக்கில் மலையேறுகிறார்கள். அங்கே தாடிக் கழுகை மனிதர் வேட்டையாடி அடியோடு அழித்துவிட்டனர். 1986ஆம் ஆண்டு முதல் வளர்ப்புக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு, 1997இல்தான் அது மீண்டும் அம்மலையில் இயற்கையாகக் குஞ்சு பொரித்தது. ஓர் இனத்தைத் தொலைப்பது எளிது. திரும்ப அழைப்பது எத்தனை அரிது என்பதற்கு அம்மலை ஒரு சாட்சி.

நமக்கோ பனிக்காலம் வரவின் காலம். வடக்கே நீர் உறையும்போது அங்குள்ள பறவைகள் நம் நீர்நிலைகளைத் தேடி வருகின்றன. மார்கழி விடியலில் புறநகர் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கி, பேருந்து பிடித்தால் பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது இது. நீர் பெருகிய காலத்தில் 450 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரியும். அதில் பெரும்பகுதி ஆந்திரத்தில். தென்பகுதி நம் மாவட்டத்தில். நம் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் தர, முகத்துவாரம் வழியே கடல் உப்புநீர் தருகிறது. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு கடலை மறித்து நிற்கிறது. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இன்று மண்மேடு. அவர்கள் வருவதற்கு முன்பும், போன பின்பும் வந்துகொண்டிருப்பவை பறவைகளே.

இந்த ஏரியின் பெருமை அதன் ஆழமின்மை. சராசரி ஒரு மீட்டர்தான். அந்த ஆழமற்ற நீரில் ஒவ்வொரு பறவையும் தன் அலகுக்கேற்ற இடத்தை எடுத்துக்கொள்கிறது. உப்புக்கொத்தி குறுகிய அலகால் சேற்றின் மேற்பரப்பில் பொறுக்கும். உள்ளான் சற்று உள்ளே குத்தும். மூக்கன் தன் நீண்ட அலகைச் சேற்றுக்குள் முழுவதும் செலுத்திப் புழுவை இழுக்கும். கரண்டிவாயன் அலகை இடமும் வலமுமாக வீசி நீரைத் துழாவும். கூழைக்கடா பையலகால் மீனை நீரோடு அள்ளும். பூநாரையோ தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாவால் நீரை உந்தி வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணும். அதன் இளஞ்சிவப்பு நிறம் உணவிலிருந்து பெறுவது. குஞ்சாக இருக்கையில் அது வெறும் சாம்பல் நிறமே. ஒரே சேறு, ஒரே நீர். ஆனால் ஒன்றன் பந்தியில் மற்றொன்று பெரிதும் கை வைப்பதில்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதைப் பழவேற்காட்டு மீனவர்களிடம்தான் கற்றேன். அவர்களிடையே 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக உண்டு. இன்று இந்த நீர்ப்பகுதியில் ஒரு குழு வலையிட்டால் அடுத்த முறை வேறொரு குழு. எவர்க்கு எவ்விடம் என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். வளமான இடம் ஒருவர்க்கே நிலைத்துவிடாது. அம்முறைக்குள் இடம் பெறாதவர்களின் மனக்குறையும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நீரைப் பங்கிட்டு உண்ணத் தெரிந்த சமூகத்தின் சொல் அது. கவிஞர்களே, சொல்லை எண்ணிப் பாருங்கள். முறையும் பாடு, உழைப்பின் வருத்தமும் பாடு, உங்கள் தொழிலான பாடுதலும் பாடு. மூன்றும் ஒரே ஒலியில் நிற்கின்றன.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

நம் வட்டத்தின் ஐந்தாம் ஆண்டு மலரின் அட்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விடியற்செம்மையில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் சிறகு விரித்து எழும் காட்சி. எடுத்தவன் நான். பலர் பாராட்டினீர்கள், மூவர் அப்படத்தைக் கண்டு கவிதை எழுதினீர்கள். அப்படம் எடுக்கப்பட்ட விதத்தை நான் எவர்க்கும் சொன்னதில்லை.

தை மாதக் காலை அது. பூநாரைகள் தலை கவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் கால்களுக்கிடையே சிறு உள்ளான்களும் ஓடி ஓடித் தின்றன. ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றும் தலை நிமிரவில்லை. மேயும் பறவையின் முதுகு எனக்கு அழகாகத் தோன்றவில்லை. படகுக்காரரிடம், "அண்ணே, இன்னும் கிட்ட விடுங்க. எழும்பினாத்தான் படம்" என்றேன். அவர் கோலை ஊன்றி நிறுத்திவிட்டார்.

"தம்பி, அதுங்க தின்னுற நேரம். எங்களுக்குப் பாடு இருக்கிற மாதிரி அதுங்களுக்கும் பாடு இருக்கு" என்றார்.

நான் கூடுதலாகப் பணம் தருவதாகச் சொன்னேன். சொன்ன வாய் இன்றும் கசக்கிறது. அவர் வீட்டு அடுப்பை அறிந்தே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் படகை விட்டார். பூநாரை நின்ற இடத்திலிருந்தே எழும்ப வல்லது அன்று. நீரின் மேல் நெடுந்தூரம் ஓடித்தான் வானேறும். அவை ஓடின, எழுந்தன, நான் படம் எடுத்தேன். உள்ளான்களும் சிதறின. திரும்பும் வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவை அன்று நண்பகல் வரை அவ்விடத்திற்குத் திரும்பவில்லை என்பதையும் கரையிலிருந்து கண்டேன்.

ஒருமுறை பறந்தால் என்ன குறைந்துவிடும் என்று அன்று நினைத்தேன். பின்பு படித்தறிந்தேன். மூக்கன் இனத்தில் பட்டைவால் மூக்கன் என்றொரு பறவை. பிறந்து ஐந்து மாதமே ஆன அத்தகைய பறவை ஒன்று, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரைப் பதினொரு நாளில், எங்கும் இறங்காமல் கடந்ததை அதன் உடலில் பொருத்திய கருவி காட்டியது. நெடும்பயணம் புறப்படுமுன் அவ்வினம் தின்று தின்று உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். நம் ஏரியில் அது தின்னும் ஒவ்வொரு புழுவும் வழிக்குக் கட்டும் சோறு. நாம் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டுச்சோற்றில் ஒரு பிடி குறைகிறது. வழியில் விழும் பறவையை நாம் காண்பதில்லை. எனவே குற்ற உணர்வும் கொள்வதில்லை.

ஒளிப்படக் கலையே குற்றமா என்றால், இல்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் திருமகனார் மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். பல கருவிகளின் பாகங்களைக் கோத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே கானுயிர்களைப் படம் பிடித்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் எழுதியவற்றைப் படித்தால், விலங்கை அதன் போக்கில் விட்டுக் கண்ட கண் புலப்படும்.

படம் சாட்சியாகவும் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவரின் படகுகளும் வலைகளும் கறுத்தன. எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்கள் வெளிவந்த பின்னரே, தொலைவில் இருந்தோர்க்கும் அக்கேடு உறைத்தது. அங்கே படம் எடுத்தவர்கள் பறவையிடமிருந்து எதையும் பறிக்கவில்லை; அதன் வழக்கை எடுத்துரைத்தார்கள். அனல்மின் நிலையங்களும், துறைமுகங்களும், நம்மை வாழவைக்கும் ஆலைகளும் இந்நீரைச் சூழ்ந்து நிற்கின்றன. நான் அந்த ஆலைச் சோற்றை உண்பவன். அவற்றை வேண்டாமென்று மேடையில் முழங்கினால் அது பொய். ஆனால் நம் பாடு எதுவரை, அதற்கப்பால் எவர் பாடு தொடங்குகிறது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிசிராந்தையார் தம் நண்பன் கோப்பெருஞ்சோழனை எண்ணிப் பாடியபோது, குமரித்துறையில் அயிரை மீன் உண்டு வடமலைக்குத் திரும்பும் அன்னத்தை விளித்தார். பறவை தின்ன மீன் எது, போகும் திசை எது என்பதெல்லாம் அவர்க்குத் தெரிந்திருந்தது. வரித்தலை வாத்தே அவ்வன்னம் என்று கருதுவோர் உண்டு. இமயத்திற்கு அப்பாலிருந்து நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் வரை இன்றும் வரும் பறவை அது. 7,000 மீட்டருக்கு மேல் அது பறந்ததைக் கருவிகள் பதிவு செய்துள்ளன. புலவர் தம் தூதுப் பறவைக்கு உணவும் வழியும் ஊரும் தந்தார். நாமோ நம் கவிதைகளில் 'பறவை' என்று எழுதி முடித்துவிடுகிறோம். உப்புக்கொத்தி, ஆலா, மூக்கன், கரண்டிவாயன் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். க. ரத்னம் அவர்கள் தமிழ்ப் பறவைப் பெயர்களைத் திரட்டித் தந்திருக்கிறார். மீனவர் நாவில் இன்னும் பல உள்ளன. பெயர் அறியாத ஒன்று காணாமற் போனால், போனதுகூட நமக்குத் தெரியாது.

நிறைவாக ஒன்று. இப்பத்தாம் ஆண்டு மலருக்கும் அட்டைப்படம் தருமாறு செயலர் கேட்டார். கொடுத்திருக்கிறேன். அதில் எழும் சிறகுகள் இல்லை. தொலைவில், காலைப் பனியில், தலை கவிழ்ந்து மேயும் பூநாரைகள். அவற்றின் கால்களருகே புள்ளிகளாகச் சில உள்ளான்கள். ஓரத்தில் கோலை ஊன்றி நிற்கும் படகுக்காரர். அவர் அதே அண்ணன்தான். என்னை மீண்டும் தம் படகில் ஏற்ற அவர்க்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. படம் அழகாக இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அவற்றைத் தின்ன விட்டு எடுத்த படம் அது என்பதே நான் சொல்லக்கூடிய விடை.