மலைக்கு வரும் அலை
(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போய் வரும்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மேட்டு லயத்துல ரேடியோ கணீர்னு கேக்குது. எங்க பள்ளத்து லயத்துல மட்டும் ஏன் கொரகொரங்குது?" எல்லா நேரமும் குறை பெட்டியில் இல்லை. அலை வருகிற வழியைப் பார்க்க வேண்டும்.

எப்.எம். அலை பெரும்பாலும் நேராகப் போகும். டோர்ச் வெளிச்சம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு மலை நின்றால், அதற்குப் பின்னால் நிழல் விழுகிறது. அந்த நிழலில் உங்கள் லயம் இருந்தால் சத்தம் மங்கிப்போகும். கோபுரங்களை மலை உச்சியில் கட்டுவதும் இதற்காகத்தான். மழையும் பனியும் எப்.எம். அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பது மலைதான்.

மத்திய அலையின் குணம் வேறு. அது தரையை ஒட்டிக்கொண்டு தூரம் போகும், மேடு பள்ளத்தையும் ஓரளவு சுற்றி வரும். இராத்திரியில் தூரத்து நிலையங்கள் கேட்பதைப் பெரியவர்கள் கவனித்திருப்பீர்கள். பூமிக்கு மேலே 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், வெயிலால் உண்டாகும் ஒரு மின்படை இருக்கிறது. பகலில் அது மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தப் படை கலைந்துவிடும். அதற்கும் மேலே இருக்கிற படைகள் அலையைத் திருப்பிக் கீழே அனுப்பும். 1924இல் இங்கிலாந்தில் அப்பிள்டன் என்ற விஞ்ஞானி வானொலி அலையை வைத்தே இதை நிரூபித்தார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிற்றலையும் இப்படித்தான் வானத்துக்கும் பூமிக்கும் எகிறி எகிறிக் கடல் தாண்டுகிறது. 2017 ஏப்ரல் வரை இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை நம்மிடம் வந்ததும் அந்த வழியில்தான்.

இப்போது டிஜிட்டல் வானொலி என்கிறார்கள். இதில் குரலை எண்களாக மாற்றி அனுப்புவார்கள். வழியில் சில எண்கள் கெட்டாலும் பெட்டி தானே திருத்திக்கொள்ளும். அதனால் கொரகொரப்பு இல்லை. ஆனால் ஒன்று: அலை ஓர் அளவுக்குக் கீழே போனால் சத்தம் மங்காது, ஒரேயடியாக நின்றுவிடும். நோர்வேயில் 2017இல் தேசிய நிலையங்கள் எப்.எம்.மை விட்டு டிஜிட்டலுக்குப் போய்விட்டன. இந்தியாவில் மத்திய அலையிலேயே டிஜிட்டல் ஒலிபரப்பைக் கொண்டுவந்தார்கள். அதைக் கேட்கப் புதுப் பெட்டி வேண்டும். பழைய பெட்டிக்கு அது புரியாது. அதற்காகப் பழையதை வீசிவிடாதீங்க.

இதையெல்லாம் நாங்கள் ஏன் சொல்கிறோம்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாங்கள் மறக்க முடியுமா? அடைமழையில் கரண்ட் போகும், போனும் செத்துப்போகும். அந்த நேரம் பெட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன ரேடியோ எச்சரிக்கையைக் கொண்டுவரும், அது பிடிக்கிற இடத்தில் இருந்தால்.

ஆகவே, இந்தக் கிழமையே ஒரு வேலை செய்யுங்க. ரேடியோவைக் கையில் எடுத்து, லயத்தைச் சுற்றி நடந்து பாருங்க. இஸ்தோப்பிலா, கோயிலடியிலா, எங்கே தெளிவாகக் கேட்கிறது? எப்.எம். என்றால் ஏரியலை நீட்டிப் பாருங்க. மத்திய அலை என்றால் பெட்டியையே திருப்பிப் பாருங்க, அதன் ஏரியல் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. இடத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்க. பெட்டரி இரண்டு தனியாக எடுத்து வையுங்க. மழை இராத்திரிகளில் யார் கேட்பது, யார் தொங்கல் லயம் வரைக்கும் போய்ச் சொல்வது என்று முன்கூட்டியே பேசி முடிவெடுங்க.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். நிலத்தில் வெடிப்புக் கண்டால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், ரேடியோ சொல்லட்டும் என்று காத்திருக்காதீங்க. பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே இறங்கிவிடுங்க.