வாய்த்த வேளை



பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நாம், நம்மவர் ஒருவர் மேனிலை எய்தினார் என்று கேள்வியுற்றால் இரண்டு விடைகளுள் ஒன்றைக் கூறுவது வழக்கம். 'உழைத்தார், உயர்ந்தார்' என்பது ஒன்று. 'அவருக்கு அதிர்ஷ்டம்' என்பது மற்றொன்று. முன்னதைப் பிள்ளைகளிடம் உரக்கச் சொல்வோம்; பின்னதை நமக்குள் முணுமுணுத்துக்கொள்வோம். இவ்விரண்டிற்கும் இடையே காலம் என்ற ஒன்று நிற்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வேந்தனுக்கு வகுத்த அவ்வரிசை, வேலை தேடி ரயிலேறியவனுக்கும் பொருந்துவதே. நம்மிற் பலர் இடத்தை மாற்றிக்கொள்வதோடு நின்றுவிடுகிறோம்.

டில்லியில் நிகழ்ந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். திருச்செந்தூரை அடுத்த மூலைப்பொழியில் 1945-ல் பிறந்து, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற சிவ நாடார், டில்லியில் டி.சி.எம். நிறுவனத்தில் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். தோழர் சிலருடன் அதைத் துறந்து, முதலில் கணக்கிடும் சிறு கருவிகளை விற்று, 1976-ல் ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் என்னும் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாளில் நம் நாட்டுக் கணிப்பொறித் தொழிலில் கொடி கட்டிப் பறந்தது ஐ.பி.எம். என்ற அமெரிக்க நிறுவனம். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமோ, அயல்நாட்டார் இங்குள்ள தொழில்களில் வைத்துக்கொள்ளும் பங்கைப் பொதுவாக நூற்றுக்கு 40 என வரையறுத்திருந்தது. 1977-ல் ஆட்சி மாறியது. புதிய அரசு சட்டத்தை வற்புறுத்த, ஐ.பி.எம். இணங்காமல் 1978-ல் வெளியேறியது. அதே ஆண்டில் எச்.சி.எல். தன் முதற் கணிப்பொறியைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

இதை யோகம் என்று ஒதுக்கிவிடலாமா? 1976-ல் நெருக்கடி நிலை நடப்பிலிருந்தது. தேர்தல் வருமென்றோ, ஆட்சி மாறுமென்றோ அவ்விளைஞர்கள் எங்ஙனம் அறிவர்? ஐ.பி.எம். சென்றதில் அவர்கள் செய்தது ஒன்றுமில்லை. ஆனால் வழி திறந்தபோது அவர்கள் கையில் ஒரு பொறி இருந்தது. செய்தித்தாளில் படித்த பிறகு புறப்பட்டிருந்தால், பொறி உருவாவதற்குள் வேறு பலர் அவ்வழியை அடைத்துக்கொண்டிருப்பர்.

ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அதே கல்வியும் அதே துணிவும் உடைய ஒருவர் பத்தாண்டு முன்னர், 1966-ல், இம்முயற்சியில் இறங்கியிருப்பின் என்ன ஆகியிருக்கும்? நுண்செயலி என்னும் சிறு சில்லு விற்பனைக்கு வந்ததே 1971-ல்தான். அஃதில்லாமல், கைமுதல் குறைந்தவர் கணிப்பொறி செய்வதென்பது நினைக்கவும் அரிது. அவ்வாறு முந்திப் பிறந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்களை நாம் சோம்பர் என்று கருதுவது நியாயமன்று.

சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, இரண்டாம் உலகப்போரின்போது விரிவடைந்த டில்லி அலுவலகங்களில் இடம்பெற்ற நம் முன்னோரின் கதையும் இத்தகையதே. அவர்தம் பேரர்கள் அதே வேகத்தில் தட்டினாலும் அக்கதவு அவ்வளவு அகலத் திறப்பதில்லை. விரல்களின் குற்றமன்று அது.

நமது சொந்த அனுபவம் மிகச் சிறியது. தந்தையார் ரயில்வே ஊழியராக நாகபுரியில் இருந்தமையால் பள்ளியில் இந்தி கற்றோம். திருச்சியில் கல்லூரியிலும் அதையே மொழிப்பாடமாகக் கொண்டோம். 'இது எதற்கு உதவும்?' என்று உறவினர் நகைத்தனர். நம்மிடமும் விடை இல்லை. உடன்பயின்ற நண்பர் ஒருவர், பிரசார சபைத் தேர்வுகளை எல்லாம் தேறி, நம்மினும் நன்றாக இந்தி அறிந்தவர். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர் பணிக்கு விளம்பரம் வந்தபோது விண்ணப்பத்தாளை வாங்கி வந்தவரும் அவரே. வயது வரம்பு முப்பது. குறிப்பிட்ட தேதியில் அவருக்கு முப்பது நிறைந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. ஒன்றும் பேசாமல் தாளை நம்மிடம் தந்துவிட்டார். அந்தப் பதினொரு நாளை நினைக்கும்போதெல்லாம், நம் திறமையைப் பற்றி யாரேனும் புகழ்ந்தால் கூச்சமே உண்டாகிறது.

நண்பர் திருப்பூர் சென்று, ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதினார். இந்தி நூல்கள் பரணுக்குப் போயின. ஆண்டுகள் சென்றன. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் தொழிலாளர் அவ்வூருக்கு வரலாயினர். கூலிக் கணக்கு, இயந்திர எச்சரிக்கை, மருத்துவமனைச் சீட்டு, எதுவும் அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் சொல்வது முதலாளிகளுக்கும் விளங்கவில்லை. ஒருநாள் கை நசுங்கிய வாலிபன் ஒருவனுக்காக மருத்துவரிடம் நண்பர் பேசினார். மறுவாரமே வேறு இரு கம்பெனிகளிலிருந்து அழைப்பு வந்தது. இன்று நான்கு உதவியாளர்களுடன் இதற்கெனவே ஓர் அலுவலகம் நடத்துகிறார்.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது, ஓய்வு பெற்றதும் அவரிடம் வேலைக்கு வரலாமா என்று விளையாட்டாகக் கேட்டோம். அதற்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் உள்ளன.

"அப்பொழுது ஆள் தேவைப்படுமோ என்னவோ, வருவதானால் இப்பொழுதே வா," என்றார்.