உபகாரச் சம்பளமும் ஓய்வூதியமும்

(விழுப்புரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்கலைக்கழகங்களில் பணியாற்றி ஓய்வு பெறுவோர்க்குரிய பயன்களைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். கணக்கர் பேசவேண்டிய பொருளைத் தமிழ்ப் பண்டிதனிடம் விடுத்தது ஏன் எனச் சிலர் வியக்கலாம். ஆயினும் இப்பொருளின் வேர் ஒரு சொல்லிலே கிடக்கின்றது. சொல்லை ஆராய்தல் எம் தொழிலாதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

நம் பாட்டனார் காலத்தில் இதனை 'உபகாரச் சம்பளம்' என்றனர். உபகாரமாவது ஒருவர் மனமுவந்து மற்றொருவர்க்குச் செய்யும் நன்மை. உவந்தால் செய்வார்; உவவாராயின் கேட்பதற்கு வழியில்லை. இக்காலத்து வழங்கும் 'ஓய்வூதியம்' என்னும் சொல்லோ வேறு. ஊதியம் என்பது வள்ளுவனார் பேறு, ஆக்கம் என்னும் பொருளில் ஆண்ட பழஞ்சொல். இன்று உழைப்பின் கூலியைக் குறிக்கின்றது. கைகட்டி நின்று பெறுவது உபகாரம். நிமிர்ந்து நின்று பெறுவது ஊதியம். இவ்வேற்றுமையை நம்மவர் உணரவேண்டும் என்பதே எம் பேச்சின் சாரம்.

இது பண்டிதரின் சொல்லாராய்ச்சி மாத்திரமன்று. 1982 டிசம்பர் 17ஆம் நாள், நகரா என்பார் இந்திய அரசின்மேல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனையே தெளிவித்தது. ஓய்வூதியம் ஆள்வோரின் கருணையால் வருவதன்று, முன்செய்த பணிக்குரிய உரிமை என்பதே அத்தீர்ப்பின் கருத்து. அந்நாளை ஓய்வூதியர் நாளாக ஆண்டுதோறும் கொண்டாடுகின்றனர். 2013இல் ஜார்க்கண்ட் அரசைச் சார்ந்த வழக்கொன்றில் அந்நீதிமன்றம் ஓய்வூதியமும் பணிக்கொடையும் ஊழியரின் சொத்தே எனவும், அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவின்படி சட்டத்தின் அதிகாரமின்றி அதனைப் பறித்தல் கூடாதெனவும் உரைத்தது.

சொத்து என்னும் சொல் நம் குடும்பங்களுக்கு நன்கு விளங்கும். ஏர் பிடித்த நம் தந்தையர்க்கு நிலமே முதுமைத் துணை. கை தளர்ந்தபின்னும் நெல்லும் மணிலாக்கொட்டையும் வீடு வந்து சேர்ந்தன. அவர்தம் மக்கள் படித்து உத்தியோகம் ஏற்றனர். நிலம் பாகமாயிற்று, சிலர் கையில் விலையாயிற்று. ஆகவே சம்பளத்தில் வாழ்ந்தவர்க்கு ஓய்வூதியமே நிலம், பணிப்பதிவேடே பட்டா. பட்டாவை இரும்புப் பெட்டியில் வைத்துக் காக்கும் நாம், பணிப்பதிவேட்டை ஒருமுறையேனும் திறந்து பார்த்ததுண்டா?

இனிப் பல்கலைக்கழக ஊழியர்க்குரிய தனித் துன்பத்தைக் கூறுவோம். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ, திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ பணியாற்றி ஓய்வு பெறுபவர் அரசு ஊழியர். அவர்க்குரிய ஓய்வூதியம் அரசின் கருவூலத்திலிருந்து வரும். பல்கலைக்கழக ஊழியரின் நிலை அத்தகையதன்று. பல்கலைக்கழகம் தனக்கெனச் சட்டமும் நிதியும் உடைய தனி நிறுவனம். அரசு மானியத்தையும் தன் வருவாயையும் கொண்டு அது தானே ஓய்வூதியம் கொடுத்தல் வேண்டும். மானியம் குறைந்தாலும், தணிக்கையாளர் தடை எழுப்பினாலும், தொலைநிலைக் கல்வியால் வரும் வருவாய் வற்றினாலும் முதலில் வாடுபவர் முதியோரே. பணியிலிருப்போர் வேலைநிறுத்தம் செய்யலாம். ஓய்வு பெற்றவர் எதனை நிறுத்துவார்?

1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024இல் வருமான வரித்துறை முடக்கியபோது, ஊதியமும் ஓய்வூதியமும் தடுமாறின. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அண்மை ஆண்டுகளில் ஓய்வூதியர்கள் தம் பணத்திற்காகத் தெருவில் நின்று போராட நேர்ந்தது. 1929இல் சிதம்பரத்தருகே நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியிற் சிக்க, 2013இல் அரசு தனிச் சட்டமியற்றி அதனை ஏற்றது. மிகுதியாயிருந்த ஊழியர் பலர் வேறு துறைகளுக்கு மாற்றப்பட்டனர். நம் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2021இல் சட்டத்தால் தோன்றிய பல்கலைக்கழகமோ, அவ்வாண்டிலேயே அண்ணாமலையோடு இணைக்கப்பட்டது. நிறுவனங்கள் பிரியும், சேரும், பெயர் மாறும். அம்மாற்றங்களுக்கிடையே ஓர் எளிய ஊழியரின் பணிக்காலம் அறுபடாது எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

பயன்கள் யாவை? 2003 ஏப்ரல் 1ஆம் நாளுக்கு முன் பணியேற்றவர்க்குரிய பழைய முறையில், 30 ஆண்டு தகுதிப் பணி முடித்தவர்க்குக் கடைசி ஊதியத்தில் பாதி ஓய்வூதியமாகும். மாத ஊதியம் 60,000 ரூபாயெனின் ஓய்வூதியம் 30,000 ரூபாய்; அதன்மேல் அகவிலைப்படி. 20 ஆண்டே பணி செய்தவர்க்கு அது 20,000 ரூபாயாகக் குறையும். பதிவேட்டில் ஓராண்டு விடுபட்டால் மாதந்தோறும் இழப்பென்பது இதனால் விளங்கும். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்து ஒருசேரத் தொகையும் பெறலாம். பணிக்கொடையாவது, முடித்த ஒவ்வோர் அரையாண்டிற்கும் கால் மாத ஊதிய வீதம், உச்ச வரம்பிற்கு உட்பட்டுக் கிடைப்பது. சேமநல நிதி, விடுப்புச் சரணளிப்பு, ஊழியர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் ஆகியனவும் உண்டு.

2003 ஏப்ரல் 1 முதல் பணியேற்றவர்க்குப் பங்களிப்பு முறை வந்தது. ஊதியத்தில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கப்படும். அதற்கீடாக நிர்வாகமும் செலுத்தும். மாதந்தோறும் இவ்வளவென்னும் உறுதி அதில் இல்லை. கடைசி ஊதியத்தில் பாதியை உறுதிசெய்யும் புதிய திட்டமொன்றை 2026 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. பல்கலைக்கழகங்களில் உள்ள நம் இளைஞர்கள், அது தமக்கு எவ்வாறு பொருந்துமென எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்று வைத்தல் நலம்.

தாய்மார்களே, இப்பகுதி உங்களுக்குரியது. எம் அறிவில், கடைநிலை ஊழியர் ஒருவர் மறைந்தார். அவர் மனைவியாரை வீட்டில் அழைத்த பெயர் ஒன்று. குடும்ப அட்டையில் உள்ளது மற்றொன்று. பணிப்பதிவேட்டிலோ வாரிசு நியமனமே இல்லை. மணமாகாத காலத்தில் எழுதிய தாயார் பெயர் அப்படியே கிடந்தது. தாயாரும் முன்னரே காலமானார். இவரே அவர் மனைவி என்று மெய்ப்பிக்க அவ்வம்மையார் ஏறி இறங்கிய படிகள் பல. அத்தனை காலமும் அடுப்பெரிந்தது கடனால். முப்பதாண்டு உழைப்பு ஒரு வரி எழுதாமையால் முடங்கிற்று. கணவரது ஓய்வு நாளுக்கு முன்னரே அப்பதிவேட்டில் உங்கள் பெயர் எவ்வெழுத்தில் உள்ளதெனக் கேட்டறியுங்கள். கேட்பது நாணத்தக்க செயலன்று.

சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, பல்கலைக்கழகப் பணியிலுள்ள ஒவ்வோர் உறுப்பினரும் பணிப்பதிவேட்டின் படியொன்றைப் பெற்று, பிறந்த நாள், பணியேற்ற நாள், வாரிசு நியமனம், விடுப்புக் கணக்கு ஆகிய நான்கையும் சரிபார்த்தல். இரண்டாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு விழுப்புரத்திலும் மற்றொரு ஞாயிறு திண்டிவனத்திலும், அலுவலகப் பழக்கமுள்ள ஓய்வு பெற்ற பெரியோர் இருவர் அமர்ந்து, மனு எழுதத் தெரியாத குடும்பங்களுக்கு எழுதிக்கொடுத்தல். நம் குலத்தார் என்று மட்டும் பாராது, வருவோர் அனைவர்க்கும் இவ்வுதவி கிட்டுதல் வேண்டும். துன்பத்திற்குச் சாதியில்லை. மூன்றாவது, பல்கலைக்கழக ஓய்வூதியங்களையும் அரசின் கருவூலம் வழியே மாதந்தோறும் வழங்குமாறு கோரும் தீர்மானமொன்றை இக்கூட்டம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்புதல்.

இக்கோரிக்கை புதுமையன்று. 1955இல் இம்மாநிலத்தில் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்க்குச் சேமநிதி, காப்புறுதி, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் வந்தது. அதற்குமுன் வெறுங்கையோடு வீடு சென்ற ஆசிரியர் குலம் அன்று தலைநிமிர்ந்தது. பள்ளி ஆசிரியர்க்கு அன்று இயன்றது, பல்கலைக்கழக முதியோர்க்கு இன்று இயலாதா?

உபகாரமெனின் நன்றி கூறிக் காத்திருப்போம். ஊதியமாதலின் உரிய நாளில் கேட்டுப் பெறுவோம். கேட்பதற்குரிய ஏடுகளை இன்றே செப்பனிடுவோம்.