திரைக்கு அப்பால் ஒரு குரல்

படக்கொட்டகையிலிருந்து வீடு திரும்புவோர் நடிகர் பெயரைச் சொல்லி மகிழ்வர். கதையைக் கட்டியவர் பெயரைக் கேட்பார் அரியர். மந்திரமும் வாட்போரும் மாறுவேடமும் மலிந்த இராசா ராணிக் கதையாயின், அதனை ஒருவர் இருந்து எழுதினார் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. அத்தகைய கதைகளைத் திரைக்கு எழுதிப் பெயர் பெற்றவர் ஏ. எஸ். ஏ. சாமி. 1915ஆம் ஆண்டு நம் நாட்டுக் குருநாகலில் பிறந்து, தமிழ்நாட்டுப் படவுலகில் உயர்ந்தவர்.

வானொலி நேயர்களுக்கு அவர்பால் தனி உரிமையும் உண்டு. அவர் எழுதிய ‘பில்ஹணன்’ முதலில் வானொலி நாடகமாகவே ஒலித்தது. தியாகராஜ பாகவதர் அதில் நடித்தார். பின்னர் டி. கே. எஸ். சகோதரர் அதனை மேடையேற்றினர். 1948இல் படமாகவும் வந்தது. கதை பழையது. மகளுக்குக் கவிதை கற்பிக்கப் புலவன் ஒருவனை அமர்த்தும் அரசன், இருவரும் காதல் கொள்ளாதபடி இடையே திரை கட்டுகிறான். புலவன் குருடன் என்று மகளிடமும், மகள் குட்டநோயாளி என்று புலவனிடமும் சொல்லிவைக்கிறான். ஓரிரவு புலவன் முழுநிலவைப் பாடுகிறான். குருடனுக்கு நிலவு தெரிந்தது எங்ஙனம் என்று ஐயுற்ற இளவரசி திரையை விலக்குகிறாள். வானொலிக்கு இதனினும் ஏற்ற கதை ஏது? மேடையில் திரையின் இருபுறமும் அவையோர் கண்ணுக்குத் தெரியும். வானொலி நேயரோ இளவரசியைப் போலவே குரலை மட்டும் கேட்டிருப்பவர்.

1947இல் ஜூபிடர் நிறுவனத்தார்க்குச் சாமி எழுதி இயக்கிய ‘ராஜகுமாரி’யில்தான் எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். உரையாடலுக்கு உதவியவர் இளைஞராயிருந்த மு. கருணாநிதி. ஈழத்து நடிகை தவமணி தேவியும் அதில் நடித்தார். படம் பெரும் வெற்றி பெற்றது. எனினும் அதன் மாயக் காட்சிகள் கண்ணுக்கு விருந்தாயினவேயன்றிக் கதைக்கு வலிமை சேர்த்தன என்று சொல்வதற்கில்லை.

1951இல் அவர் கதையெழுத, கே. ராம்நாத் இயக்கிய ‘மர்மயோகி’ வேறு தரத்தது. இறந்துபட்டதாக எல்லாரும் எண்ணிய மன்னன், ஆவிபோல் அரண்மனையில் தோன்றி வஞ்சகியை நடுங்கவைக்கிறான். மேரி கொரெல்லியின் ‘வெண்டெட்டா’ என்னும் ஆங்கில நாவலின் சாயல் இதில் உண்டு. ஆவிக் காட்சிகளுக்காகத் தணிக்கையாளர் ‘வயது வந்தோர்க்கு மட்டும்’ என்று சான்றளித்தனர். தமிழ்ப் படங்களில் அச்சான்று பெற்ற முதற்படம் அதுவே. ஆவியோ மெய்யான ஆவியன்று!

பனிச்சங்கேணி முதலான மட்டக்களப்புப் பகுதி ஊர்களில் நாட்டுக்கூத்துப் பார்த்துப் பழகியவர்க்கு அரசனும் அமைச்சனும் புதியவரல்லர். ஆனால் கூத்துக் களரியில் கட்டியகாரன் முன்னே வந்து, வருவோன் யாரென அறிவித்துவிடுவான். அரசனும் தன் பெயரைப் பாடியே ஆடுவான். சாமியின் மன்னன் தான் யாரென்பதை மறைத்தே வருகிறான். அவன் வாய் திறக்குந்தோறும், குரலைக்கொண்டு யாரேனும் கண்டுகொள்வரோ என்ற அச்சம் நம்மைப் பற்றுகிறது.

இம்மாறுவேடம் அரண்மனைக்கு மட்டும் உரியதன்று என்பதைச் சி. என். அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ நாடகம் காட்டியது. 1949இல் அதனைப் படமாக இயக்கியவரும் சாமியே. கடன் கொடுத்த செல்வரின் கொடுமையால் தந்தையை இழந்த ஏழை இளைஞன், இறந்துபோன செல்வர் மகன் ஒருவனாகத் தன்னைக் காட்டிப் பழிவாங்கப் புறப்படுகிறான். அங்கும் ஓர் இருள் இருக்கிறது. பில்ஹணனின் குருடு அரசன் கட்டிய பொய். இங்கே இறந்தவனின் தாய் மெய்யாகவே பார்வையிழந்தவள். வந்த குரலை நம்பி, அவனைத் தன் மகனென்றே அவள் ஏற்றுக்கொள்கிறாள்.