மாடிப்படியை அளந்து கட்டுவோம்



நம் வைட்ஃபீல்ட் 1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ இந்தியர்களின் சிற்றூராகத் தொடங்கியது. இன்று எங்கும் மாடி வீடுகள். நாமும் சிறு மனையில் மாடி கட்டுகிறோம். அறை பெரிதாக வேண்டும் என்று படிக்கான இடத்தைக் குறைக்கிறோம். படி செங்குத்தாகிவிடுகிறது. வயதானவர்கள் ஏறத் திணறுகிறார்கள். குழந்தைகள் விழுகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோமா? கீழ்த் தரையிலிருந்து மேல் தரை வரை 10 அடி. அதாவது 120 அங்குலம். படிக்கு 9 அங்குல உயரம் வைத்தால் 13 படி வரும். 3 அங்குலம் மிஞ்சும். அது ஒரு குட்டிப் படியாகும். அங்கேதான் கால் தடுக்கும். ஏன்? இரண்டு படி ஏறியதும் கால் அந்த உயரத்துக்குப் பழகிவிடும். உயரம் மாறினால் தடுமாறும்.

6 அங்குலம் வைத்தால் சரியாக 20 படி. எல்லாம் ஒரே உயரம். அதற்கு இடம் போதாதா? 120-ஐ 17-ஆல் வகுங்கள். 7 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். அதுவும் நல்ல படிதான்.

தேசியக் கட்டட விதிகளின்படி, வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

டைல்ஸ் கனத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் படியும் கடைசிப் படியும் மாறிவிடும். கைப்பிடியும் அவசியம்.

கான்கிரீட் போட்ட பிறகு படியை மாற்றுவது கடினம். அதற்கு முன்பே டேப்பை எடுங்கள். மேஸ்திரியோடு சேர்ந்து நீங்களும் அளந்து பாருங்கள். எண்களைக் கற்றோம் அல்லவா? அவை நம் வீட்டைக் காக்கட்டும்.